எழுத்து இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் 19 வருடங்களாகப் புரூஃப் பார்க்கிறேன். தினசரி காலண்டர் என்றால் 365 தாள். ஒவ்வொரு தாளிலும் தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம் என்று பொடி எழுத்தில் நிறைந்திருக்கும். ஒரு எண் பிசகினால் யார் வீட்டிலோ முகூர்த்தம் பிசகும் என்பார் எங்கள் முதலாளி. ஆடிப்பெருக்கன்று புது வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிடுவது ஊர் வழக்கம். அதற்குப் பிறகு ஆர்டர் வந்து குவியும். ஆகவே ஆனி, ஆடி இரண்டு மாதமும் எனக்குக் கண்ணுக்கு ஓய்வே கிடையாது.

மூன்று வருடங்களுக்கு முன் அப்படி ஒரு ஆடி மாதம். எனக்கு அப்போது 44 வயது. மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குத் தள்ளிப்போட்டுவிட்டு வெள்ளிக்கிழமைத் தாள்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கு ராகு காலம் 10.30 முதல் 12 வரை. அது எனக்கு உறக்கத்திலும் தெரியும். ஒரு தாளில் 10-க்குப் பிறகு 3 இல்லை. வட்டம் போட்டு ஓரத்தில் 3 என்று எழுதினேன். அடுத்த தாளில் 'வெள்ளி'யில் 'ள்' இல்லை. அதையும் சேர்த்தேன். அதற்கடுத்ததில் நட்சத்திரத்தின் பெயரில் நடு எழுத்து இல்லை. ஆறேழு தாள் இப்படியே திருத்தி, கணினியில் எழுத்துக் கோக்கும் டிடிபி அறைக்கு அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அங்கே வேலை செய்கிற தம்பி தாள்களோடு வந்து நின்றான். "அக்கா, நீங்க விட்டுப்போச்சுன்னு போட்டிருக்கிற எழுத்தெல்லாம் இருக்கே, பாருங்க" என்றான். பார்த்தேன். அவன் முகத்தில் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

அந்த 'ஒன்றுமில்லை'யைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். கறுப்பாக எதுவும் மறைக்கவில்லை. தாளில் எழுத்து மறைந்த இடத்தில் வெள்ளைத் தாளே இருந்தது, ஓட்டை தெரியவில்லை. காணாத இடத்தை மூளையே சுற்றிலும் இருப்பதைக் கொண்டு நிரப்பிவிடுகிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். பிழை பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவளுக்கு இதைவிடப் பெரிய அச்சம் கிடையாது. தப்பாகத் தெரிந்தால் திருத்தலாம். தெரியாதது தெரியாமலே சரியாகத் தோன்றினால் என்ன செய்வது?

பிறகு அந்த இடத்தின் ஓரத்தில் மின்னத் தொடங்கியது. கோர்வைப் பட்டில் கரையும் உடலும் சேருமிடத்தில் பல் பல்லாக வருமே, அந்த மாதிரி ஒரு வளைவு. வெள்ளிச் சரிகை போல ஒவ்வொரு பல்லும் துடித்தது. பிறை வடிவில் மெல்ல மெல்ல விரிந்து இடப்பக்கமாக நகர்ந்தது. கண்ணை இறுக மூடினேன், அப்போதும் தெரிந்தது. கடைசியில் பார்வையின் ஓரத்துக்குப் போய் அப்படியே கரைந்துவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஏறக்குறைய 25 நிமிஷம் ஆகியிருந்தது. தலைவலி இல்லை, வாந்தி இல்லை. எழுத்தெல்லாம் பழையபடி பளிச்சென்று இருந்தது.

வலித்திருந்தால் அன்றே யாரிடமாவது சொல்லியிருப்பேன். வலிக்காததால் ஒருவரிடமும் சொல்லவில்லை. தம்பியிடம் 'கண்ணு அசதிப்பா' என்றேன். பக்கத்து வீட்டு அத்தை உடம்புச் சூடு என்று நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார். குளித்தேன். பதினொரு நாளில் மறுபடி வந்தது. கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பவர் மாற்றினேன். புதுக் கண்ணாடி போட்ட வாரத்திலேயே மூன்றாவது முறையும் வந்தது. அந்த முறை நான் ஸ்கூட்டியில் இருந்தேன். திருத்தங்கல் சாலையில் எதிரே வந்த லாரியின் பாதி தெரியவில்லை. வண்டியை ஓரங்கட்டி, ஒரு டீக்கடைப் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றுதான் மருத்துவரிடம் போவது என்று முடிவெடுத்தேன்.

கண் மருத்துவர் முதலில் கேட்டது: "ஒரு கண்ணிலா, ரெண்டு கண்ணிலுமா?" இடது கண் என்று உடனே சொன்னேன். "ஒரு கண்ணை மூடிப் பார்த்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை. இடப்பக்கம் தெரிந்ததால் இடது கண் என்றே நினைத்திருந்தேன். பலரும் இப்படித்தான் சொல்வார்களாம். இடது கண்ணை மூடினாலும் அது இடப்பக்கம் தெரிந்தால் கோளாறு கண்ணில் இல்லை, இரண்டு கண்ணின் பார்வையும் போய்ச் சேரும் மூளையின் பின்பகுதியில் என்று விளக்கினார். ஆனாலும் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்து விழித்திரையை முழுக்கப் பார்த்தார். அதில் குறை இல்லை. நரம்பியல் மருத்துவரிடம் எழுதிக் கொடுத்தார்.

மதுரையில் அந்த நரம்பியல் மருத்துவர் இருபது நிமிஷம் கேள்வி மட்டுமே கேட்டார். ஒவ்வொன்றையும் ஏன் கேட்கிறார் என்றும் சொன்னார், அதற்காக அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். ஊர்ந்து வந்ததா, விளக்கை அணைத்த மாதிரி ஒரே நொடியில் வந்ததா? எத்தனை நிமிஷம்? இந்த வகை ஐந்து நிமிஷத்துக்கு மேல் மெதுவாகப் பரவும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். சட்டென்று வந்து சட்டென்று போவதும், ஒரு மணி நேரத்தைத் தாண்டி நிற்பதும் வேறு கதையாக இருக்கலாம். மின்னியதா, இருண்டதா? மின்னலும் நெளிவும் இல்லாமல் பார்வை மட்டும் போனால் மூளைக்கோ கண்ணுக்கோ போகும் ரத்தம் தடைபட்டிருக்கலாம். வாய் கோணியதா, கை தளர்ந்ததா, பேச்சு குழறியதா? இவற்றில் ஒன்று வந்தாலும் அடங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் கெடு.

நெற்றிப்பொட்டு தொட்டால் வலிக்கிறதா, மெல்லும்போது தாடை நோகிறதா என்றும் கேட்டார். எனக்கு எதற்கு இந்தக் கேள்வி என்று தோன்றியது. 50 வயதைக் கடந்தவர்களுக்குத் தலையின் ரத்தக்குழாய் வீங்கும் ஒரு நோய் உண்டாம், அதைக் கவனிக்காமல் விட்டால் பார்வையே போய்விடுமாம். உங்களுக்கு வயதாகவில்லை, ஆனால் வீட்டில் பெரியவர்கள் இருப்பார்களே, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மாதவிலக்குக்காக ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறேனா என்றும் கேட்டார். இப்படி மின்னல் காட்சி வருகிறவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் பக்கவாத ஆபத்து கூடும். புகைப்பழக்கமும் இருந்தால் இன்னும் கூடும். எங்கள் பைண்டிங் பிரிவில் வேலை செய்கிற இளம்பெண்களை நினைத்துக்கொண்டேன். மாத்திரை வாங்கும்போது தலைவலியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று அவர்களில் ஒருத்திக்கும் தெரியாது.

40 வயதுக்கு மேல் முதன்முதலாக வந்ததால் ரத்த அழுத்தம், சர்க்கரை, தலை ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். எதிலும் கோளாறு இல்லை. கடைசியில் அவர் சொன்னது, இது ஒற்றைத் தலைவலி, தலைவலி இல்லாத ஒற்றைத் தலைவலி. எனக்கு இருபது வயதில் மாதம் ஒரு முறை தலை பிளக்கும், வாந்தி எடுத்து இருட்டறையில் படுத்திருப்பேன். அம்மாவுக்கும் உண்டு. முப்பதுக்குப் பிறகு அது தானாக நின்றுபோயிருந்தது. சிலருக்கு வயதாக ஆக வலி போய்விடும், வலிக்கு முன்னால் வரும் இந்தக் காட்சி மட்டும் தனியாக வரும் என்றார்.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். கிரீன்விச் வானாய்வகத்தின் தலைவராக இருந்த ஜார்ஜ் ஏரி தனக்கு வந்த இதே காட்சியைப் படம் வரைந்து 1865-இல் எழுதியிருக்கிறார். அவருக்கும் பெரும்பாலும் தலைவலி வந்ததில்லை. உலகத்து நேரக் கணக்குக்கெல்லாம் தொடக்கம் என்று 1884-இல் ஏற்றுக்கொண்ட கோடு அவர் நிறுவிய தொலைநோக்கியின் வழியாகப் போனது. காலண்டர்த் தாளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற எனக்கு அது என்னவோ துணை கிடைத்த மாதிரி இருந்தது. அவருடைய மகன் ஹூபர்ட் ஏரி மருத்துவர், அவருக்கும் இது வந்தது. 1870-இல் அவர் வரைந்த வண்ணப் படங்களில் பிறை நிமிஷத்துக்கு நிமிஷம் எப்படி விரிகிறது என்று இருக்கிறது. கோட்டை மதில் போல என்று அவர் சொல்கிறார், எனக்குப் பட்டுக்கரை. படத்தைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. அச்சு அசல் அதேதான்.

1941-இல் கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர் தன் பிறை எவ்வளவு நேரத்தில் எவ்வளவு விரிகிறது என்று குறித்துவைத்து, மூளையில் ஏதோ ஒன்று நிமிஷத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று கணக்குப் போட்டார். 1944-இல் பிரேசில்காரரான லியாவ், முயலின் மூளையில் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலடங்கும் ஓர் அலை பரவுவதைக் கண்டார். அதுவும் ஏறக்குறைய அதே வேகம். அலையின் முகப்பில் அணுக்கள் துள்ளுகின்றன, அதுதான் மின்னல். பின்னால் அடங்கிக் கிடக்கின்றன, அதுதான் காணாமல் போன என் எழுத்து. என் 25 நிமிஷத்துக்கு இப்படி ஒரு கணக்கு இருப்பது தெரிந்ததும் பயம் பாதியாகக் குறைந்தது.

பயம் குறைந்ததுதான் பிறகு வினையானது. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எங்கள் அச்சகத்தில் நாலு கலர் மிஷின் ஓட்டுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். சின்ன வயதிலிருந்தே தடித்த கண்ணாடி, மைனஸ் ஒன்பது. போன வருடம் ஐப்பசியில் தீபாவளி நெருக்கத்தில் ஒரு புதன்கிழமை என் மேஜைக்கு வந்தார். "கண்ணு ஓரத்துல பளிச் பளிச்சுன்னு மின்னுதும்மா. கரித்தூள் மாதிரி என்னவோ பறக்குது. உனக்கு வருமே, அதுதானே?" என்றார். எனக்கு அப்போது எல்லாம் தெரியும் என்ற எண்ணம். "அதேதாண்ணே. வலிக்குதா? வலிக்கலன்னா பயப்படாதீங்க, அரை மணி நேரத்துல போயிரும்" என்றேன். என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்றைக்கூட நான் அவரிடம் கேட்கவில்லை.

அது அரை மணி நேரத்தில் போகவில்லை. வியாழன், வெள்ளி எல்லாம் பறந்துகொண்டே இருந்தது. நான் சொன்னதை நம்பி அவர் இருந்துவிட்டார். சனிக்கிழமை இரவு இடது கண்ணின் கீழ்ப்புறமிருந்து திரை ஏறுவது போல நிழல் ஏறியது. ஞாயிறு காலையில் அந்தக் கண்ணில் நடுப்பார்வை இல்லை. விழித்திரை கிழிந்து பிரிந்திருந்தது. திங்கள் மதுரையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். நடுப்பகுதி பிரிவதற்கு முன்னால் வந்திருந்தால் பார்வை நன்றாகத் திரும்பியிருக்கக் கூடும் என்று மருத்துவர் சொன்னதாக அவர் மனைவி என்னிடம் சொன்னார். என் மேல் குறை சொல்லிச் சொல்லவில்லை. சும்மா, நடந்ததைச் சொன்னார். நான் என்ன சொல்லியிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. அன்றே அவரிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இரண்டும் மின்னல்தான், இரண்டும் வலிக்காது. எனக்கு வந்தது இரண்டு கண்ணிலும், ஊர்ந்து விரிந்து, சுவடில்லாமல் போனது. அவருக்கு வந்தது ஒரு கண்ணில், வெட்டி வெட்டி, கரித்தூளோடு, போகாமல் நின்றது. கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள் அண்ணே என்று சொல்ல எனக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்?

இப்போது பழைய காலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் எனக்கு வருவதையெல்லாம் குறித்து வைக்கிறேன். தேதி, மணி, எந்தப் பக்கம், எத்தனை நிமிஷம், முந்தின இரவு எவ்வளவு தூங்கினேன், மதியம் எப்போது சாப்பிட்டேன். இதுவரை 14 தாள் சேர்ந்திருக்கிறது. அதில் ஒன்பது நாள் சாப்பாடு பிந்தியிருக்கிறது. முதலாளியிடம் பேசியதில் ஆனி, ஆடியிலும் ஒன்றரை மணிக்கு எல்லோரும் எழுந்து சாப்பிடப் போகிறோம். தேதித்தாளை இனி ஒருவர் வாசிக்க ஒருவர் பார்ப்பது என்றும் ஆகியிருக்கிறது. கட்டிங் மிஷினில் நிற்கிற பையனுக்குக் கண் ஒரு நொடி மங்கினாலும் ஸ்விட்சை அணைத்துவிட்டு விலகி வர வேண்டும் என்று நானே போய்ச் சொன்னேன். கத்திக்கு அடியில் கை வைக்கிற வேலை அது.

போன வாரம் மறுபடி வந்தது. செவ்வாய்க்கிழமைத் தாளில் 3.00-இன் புள்ளியில் தொடங்கியது. தாளை நகர்த்தி வைத்துவிட்டு இடது கண்ணை மூடினேன், பிறகு வலது. இரண்டிலும் இருந்தது. மணியைக் குறித்தேன். தம்பி வந்து எதிரில் உட்கார்ந்து மீதித் தாள்களை வாசிக்கத் தொடங்கினான். பக்கத்தில் அண்ணன் பேப்பர் எண்ணிக்கொண்டிருந்தார், மிஷினை விட்டு இப்போது அவருக்கு அந்த வேலைதான். நான் கண்ணை மூடி மூடிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு எண்ணுவதை நிறுத்தினார்.

"ரெண்டுலயுமா?" என்றார்.

"ரெண்டுலயும்தாண்ணே."

தலையசைத்துவிட்டு மறுபடி எண்ணத் தொடங்கினார்.