புழுக்கை எண்ணிய ஆறு வாரம்

போன மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் முயல் கொழுக்கட்டைக்குக் கால் உடைந்தது. மகள் அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். குக்கர் விசில் அடித்தது. மிரண்டு ஓர் உதை உதைத்து, துள்ளி, மொசைக் தரையில் விழுந்தது. சத்தமே இல்லை. கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. முயலுக்கு வலி என்றால் அப்படித்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. வலது பின்னங்கால் மட்டும் ஈரத்துணி மாதிரி பக்கவாட்டில் கிடந்தது.

பக்கத்தில் இருந்த கிளினிக்கில், "முயலெல்லாம் பார்க்கிறதில்லைங்க, கால் போச்சுன்னா பிழைக்கிறது கஷ்டம்" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். எதிர்வீட்டு அண்ணன் புத்தூர் கட்டுப் போடச் சொன்னார். அவர் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே சொன்னார். நானாக ஐஸ் குச்சி வைத்துக் கட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை, கட்டவில்லை. கட்டு பிடிக்காமல் அது உதறுகிற உதறலில் உடைந்த எலும்பு சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடுமாம். அட்டைப்பெட்டியில் பழைய வேட்டியைச் சுருட்டிப் போட்டு, அசைய இடமில்லாமல் உட்கார வைத்தோம். மறுநாள் காலை ஆட்டோ பிடித்து சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம்.

மயக்க ஊசி போடுவார்களே என்று ராத்திரியிலிருந்து தீனி வைக்காமல் இருந்தேன். பெருமையாக அதைச் சொன்னதும் டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் நாய் பூனை மாதிரி வெறும் வயிற்றோடு கொண்டுவர வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், வயிறு காலியானால் அதன் குடல் ஓட்டமே நின்றுவிடும். பாதி நாள் சாப்பிடாமல் இருந்தாலே அவசரக் கேஸ்தான். "கால் ஆறு வாரத்துல கூடிடும்மா. நீங்க வயித்தைப் பாருங்க. தினமும் புழுக்கையை எண்ணுங்க" என்றார்.

எக்ஸ்ரேயில் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகத் தெரிந்தது. தொடை எலும்பாக இருந்தால் கட்டு நிற்காது, ஆபரேஷன்தான் என்றார்கள். முயலின் மொத்த எலும்புமே உடல் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம்தானாம், பூனைக்கு 12, 13 வரும். அவ்வளவு லேசான எலும்பின் மேல் அவ்வளவு முரட்டுத் தொடை. லேசாக மயக்கி, முழங்காலும் கணுக்காலும் அசையாதபடி தடி வைத்துக் கட்டி, வலிக்கு மெலாக்சிகாம் சொட்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டில் மகளுக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் மிச்சம் இருந்தது, அதையும் கொடுக்கலாமா என்று கேட்டேன். பென்சிலின் வகை மருந்தை முயல் வாயில் ஊற்றினால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, முயலும் செத்துவிடும் என்றார். அதன்பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

முதல் மூன்று நாள் புல்லை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தீனி உருண்டைகளை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக மசித்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் பக்கவாட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். நேராகத் தொண்டைக்குள் அடித்தால் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும்தான். நல்ல முயல் ஒரு நாளைக்கு இருநூறுக்கு மேல் புழுக்கை போடும். முதல் நாள் எங்கள் கணக்கு பதினொன்று, அதுவும் மிளகு சைஸில்.

முயல் வாங்கியபோதே முகம் சுளித்தவர் என் மாமியார். நான்காம் நாள் பிள்ளையார் கோவில் வாசலில் அருகம்புல் கட்டு ஒன்று வாங்கி வந்து, கழுவி, ஒவ்வொன்றாக நீட்டினார். அது தின்றது. அன்று சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள், "நாப்பத்தி ரெண்டு" என்றார்.

இன்னொரு சங்கடம் யாரும் எதிர்பார்க்காதது. முயல் ராத்திரியில் பிசுபிசுப்பாக ஒரு கழிவு போட்டு, அதைக் குனிந்து தானே தின்றுவிடும். அதில்தான் சத்து. கட்டுப் போட்ட காலோடு குனிய முடியாததால் அது பின்பக்க மயிரில் ஒட்டிக் காய்ந்தது. மே மாதத்தில் ஈ மொய்த்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். அதனால் தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்து, எடுத்ததை ஒரு மூடியில் வைத்து அதன் வாயருகே நீட்டுவேன். தின்னும். அந்த வாரம் முழுக்க என் கணவர் எங்களோடு காபி குடிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் கட்டுக்கு வெளியே தெரியும் விரல்கள் வீங்கியிருந்தன. கட்டு நழுவி இறுகியிருக்கிறது. உடனே போய் மாற்றினோம். தினமும் விரலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னதை இரண்டு நாள் மறந்தது என் தப்புதான். வெயிலுக்கு, தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துணி சுற்றிக் கூண்டில் வைத்தோம். அதன்மேல் சாய்ந்துகொண்டே கிடக்கும்.

மூன்றாம் வார எக்ஸ்ரேயில் உடைந்த இடத்தைச் சுற்றி மேகம் மாதிரி புது எலும்பு தெரிந்தது. ஆறாம் வாரம் கட்டைப் பிரித்தார்கள். கால் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியே நிற்கிறது, ஓடும்போது தெரியாது. மகள் இப்போது தரையில் உட்கார்ந்துதான் அதை மடியில் வைத்துக்கொள்கிறாள். மாமியார் இன்னமும் காலையில் கூண்டைப் பெருக்கும்போது வாய்க்குள் எண்ணுகிறார். நூறு தாண்டியதும் நிறுத்திவிடுவார்.