கேட் ஆங்கிலப் பகுதி: கடலூர், புதுச்சேரிப் பக்கம் படித்துத் தயாராகிறவர்களுக்கு

எம்.பி.ஏ. படிப்புக்கான கேட் (CAT) தேர்வில் ஆங்கிலப் பகுதிக்கு 40 நிமிடம். சமீப ஆண்டுகளில் 24 கேள்விகள் வருகின்றன. நான்கு பாசேஜ் (படித்துப் பதில் சொல்வதற்கான உரைப்பகுதி), ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி என 16 அதில் போய்விடும். மீதி எட்டில் வாக்கியங்களை வரிசைப்படுத்துவது, ஒட்டாத வாக்கியத்தைக் கண்டுபிடிப்பது, விடுபட்ட வாக்கியத்தை உரிய இடத்தில் சேர்ப்பது, பத்தியின் சுருக்கத்தைத் தேர்ந்தெடுப்பது ஆகியவை இருக்கும். ஒத்த பொருள் சொல், எதிர்ச்சொல் என்று நேராக ஒரு கேள்விகூட இப்போது வருவதில்லை. ஆனாலும் நம் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் வாங்குவது மூவாயிரம் சொல் உள்ள பட்டியலைத்தான். இந்தத் தேர்வுக்கு அது வீண் உழைப்பு.

பாசேஜ் புரியாமல் போவதற்குச் சொல் தெரியாதது சின்னக் காரணம்தான். பெரிய காரணம் வாக்கிய அமைப்பு. தமிழில் வினை கடைசியில் வரும், அதுவரை காத்திருந்து படித்தே பழகியிருக்கிறோம். ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே 'விச்', 'ஹூ', 'தட்' என்று ஒரு துணை வாக்கியம் புகுந்து இருபது சொல்லுக்கு ஓடும். அது முடிவதற்குள் எழுவாய் எது என்பதே மறந்துவிடும். இதற்கு நாங்கள் பழகிய முறை எளிது. தினமும் ஒரே ஒரு பத்தி எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயையும் முக்கிய வினையையும் மட்டும் பென்சிலால் கோடிட வேண்டும். அந்த இரண்டை மட்டும் சேர்த்து முதலில் படித்துப் பார்த்து, பிறகு மற்றதைச் சேர்த்துக்கொள்ளலாம். முதல் வாரம் ஒரு பத்திக்கே இருபது நிமிடம் ஆகும், எரிச்சலாகவும் இருக்கும். மூன்று வாரம் விடாமல் செய்தால் கோடு போடாமலே கண் வினையைத் தேடிப் போகும். மனத்துக்குள் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டே படிக்கும் பழக்கமும் இதில்தான் குறையும்.

எதைப் படிப்பது? ஆங்கில இந்து நாளிதழின் தலையங்கம் நல்ல தொடக்கம், ஆனால் அதோடு நின்றால் போதாது. தலையங்கம் நாம் ஏற்கெனவே செய்தியில் கேட்ட விஷயத்தைப் பேசும். கேட் பாசேஜோ மானுடவியல், கலை வரலாறு, சூழலியல், பொருளாதாரம் என்று முன்பின் தெரியாத துறையிலிருந்து வரும், பெரும்பாலும் 450 முதல் 500 சொல் இருக்கும். அந்த வகைக்கு ஏயான் (Aeon) இணைய இதழ் பொருத்தம், இலவசமும்கூட. புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு 1827-இல் தொடங்கப்பட்ட ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது, கடலூரில் மாவட்ட மைய நூலகம். ஆங்கில நாளிதழ்களை அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். எந்தத் துறையில் அலுப்புத் தட்டுகிறதோ அதில்தான் வாரத்துக்கு இரண்டு கட்டுரை கூடுதலாகப் படிக்க வேண்டும்.

இனி மதிப்பெண் கைநழுவிப் போகும் இடத்துக்கு வருவோம். பாசேஜ் புரிந்தும் விடை தப்பாகிறது என்று பலரும் புலம்புவார்கள். தவறான விடைகளை அப்படித்தான் அமைக்கிறார்கள். ஒன்று, பாசேஜில் உள்ளதையே சொல்லும், ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலாக இருக்காது. இன்னொன்றில் 'ஒன்லி', 'ஆல்வேஸ்' என்று ஒரு சொல் நுழைந்து, ஆசிரியர் தயங்கிச் சொன்னதை அடித்துச் சொன்னதாக மாற்றிவிடும். காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைப்பதும் உண்டு. எல்லாவற்றிலும் மோசமான பொறி, ஆசிரியர் மறுப்பதற்காக எடுத்துக்காட்டும் அடுத்தவர் கருத்தை ஆசிரியருடைய கருத்தாகவே விடையில் வைப்பது. பாசேஜின் முதல் பத்தியில் 'சிலர் வாதிடுகிறார்கள்', 'வழக்கமாக நம்பப்படுவது' என்ற தொனியில் ஏதாவது வந்தால், அடுத்து ஒரு 'ஹவெவர்' அல்லது 'யெட்' வருமா என்று காத்திருக்க வேண்டும். வந்தால், அதற்குப் பிறகு இருப்பதுதான் ஆசிரியரின் குரல்.

ஆகவே ஒரு பாசேஜை எட்டு நிமிடத்தில் முடித்தால், அதை அலசுவதற்கு இருபது நிமிடம் ஒதுக்க வேண்டும். சரியாகப் போட்டதையும் சேர்த்து, மற்ற மூன்று விடைகளும் ஏன் தவறு என்று ஒரு வரி எழுத வேண்டும். நோட்டில் பாதி நிரம்பும்போது உங்கள் பலவீனம் எந்தப் பொறி என்பது தானே தெரியும். இதற்கு 2017 முதலான கேட் கேள்வித்தாள்களைப் பயன்படுத்துவதே நல்லது. தனியார் மாதிரித் தேர்வுகளில் ஆங்கிலக் கேள்விக்கான விடை சில சமயம் விவாதத்துக்குரியதாக இருக்கும், அதை நம்பிப் பழகினால் கணிப்பே கோணலாகிவிடும்.

நேரக் கணக்கும் முக்கியம். சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும். நான்கு பாசேஜையும் அள்ளித் தெளித்து 16-இல் எட்டு சரி, எட்டு தவறு என்றால் கிடைப்பது 16. மூன்றை மட்டும் நிதானமாகப் படித்து 12-இல் ஒன்பது சரி, மூன்று தவறு என்றால் 24. வேகம் வராதவர்கள் பாசேஜுக்கு ஒன்பது நிமிடம் வீதம் மூன்றை முடித்துவிட்டு, மீதி 13 நிமிடத்தை மற்ற எட்டுக் கேள்விக்குக் கொடுக்கலாம். வரிசைப்படுத்தும் கேள்வியில் விடையை நாமே தட்டச்சு செய்ய வேண்டும், அதற்குக் கழிப்பு கிடையாது. ஆகவே தெரியாவிட்டாலும் எதையாவது போட்டுவிட்டு வர வேண்டும். 'திஸ்', 'சச்', 'தீஸ்' என்று தொடங்கும் வாக்கியம் எதைச் சுட்டுகிறது என்று பார்த்தால் ஒரு ஜோடியாவது கிடைக்கும்.

டான்செட் (தமிழ்நாட்டில் எம்.பி.ஏ. போன்ற படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வு), க்யூட் பிஜி (மத்தியப் பல்கலைக்கழகங்கள் முதலானவற்றின் முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு) எழுதுகிறவர்களுக்குக் கதை வேறு. புதுவைப் பல்கலைக்கழகத்தில் பல முதுநிலைப் படிப்புகளுக்கு க்யூட் பிஜி வழியாகத்தான் சேர்க்கை. 2025-இல் அதில் 75 கேள்வி, 90 நிமிடம், சரிக்கு 4, தவறுக்கு ஒன்று கழிவு. இந்தத் தேர்வுகளுக்குச் சொற்களும் பிழை திருத்தமும் படிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து முதல் எட்டு சொல் போதும். சொல்லை மட்டும் எழுதாமல், அதைப் பார்த்த முழு வாக்கியத்தையும் எழுதி, மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்றாம் நாள் புரட்ட வேண்டும். பிழை திருத்தத்தில் நம்மைக் கவிழ்ப்பவை நாம் தினமும் பேசுபவைதான்: 'டிஸ்கஸ் அபௌட்', 'கோப் அப் வித்', 'ரிட்டர்ன் பேக்', 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்'. காதுக்குச் சரியாகப் படுவதாலேயே இவை தப்பிவிடுகின்றன.

கடைசி இரண்டு மாதம் தாளில் படிப்பதைக் குறைத்துவிட்டுக் கணினித் திரையில் படிக்க வேண்டும். தேர்வில் பாசேஜ் இடப்பக்கம், கேள்வி வலப்பக்கம் என்றிருக்கும், கோடு போட முடியாது. கேட் நவம்பர் கடைசி வாக்கில் வருகிறது, நம் கடற்கரைக்கு அது மழையும் மின்வெட்டும் சேர்ந்த காலம். 2024-இல் தேர்வு நவம்பர் 24-ஆம் தேதி. ஆறே நாளில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அக்டோபரிலேயே கேள்வித்தாள்களைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் தேர்வு நகரம் கேட்கும்போது, சென்னையில் தங்க இடம் இல்லாதவர்கள் முதல் விருப்பமாகப் புதுச்சேரியைப் போடுவது நல்லது.