லண்டன் சமையற்கட்டில் ஒரு களித் துடுப்பு

பென்னாகரத்திலிருந்து கிளம்பியபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டுச் சமையலும் சித்தி நடத்திய இட்லிக் கடையும்தான். முதலில் துபாய், மூன்று வருடம். அந்த ஓட்டல் சமையற்கட்டில் ஆண்களுக்கு நடுவே நான் ஒருத்தி. உடை மாற்ற இடம் கிடையாது. அரிசி மூட்டை அடுக்கிய ஸ்டோர் ரூமில் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு மாற்றிக்கொள்வேன். கூட வேலை செய்த மலையாளி அண்ணன்கள் தங்கமானவர்கள். மேனேஜரைப் பற்றி எழுதினால் பிரஷர் ஏறும், விடுங்கள்.

அப்புறம் கல்யாணமாகி லண்டன். இத்தாலிய உணவகம் ஒன்றில் கேபியாகச் சேர்ந்தேன். கிச்சன் போர்ட்டர் என்பதைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். பாத்திரம் கழுவி, குப்பை கொட்டி, உருளைக்கிழங்கு தோல் சீவுகிற ஆள். ஆனால் என்னையும் "ஷெஃப்" என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருவருக்குப் பின்னால் கடந்து போனால் "பேக்ஸ்!" என்று கத்த வேண்டும். முதல் வாரம் வாயைத் திறக்காமல் ஒதுங்கி ஒதுங்கிப் போய், கொதிக்கிற பாஸ்தா தண்ணீரோடு வந்தவர் மேல் இடித்துவிட்டேன். முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்கப்புறம் சந்தையில் புளி விற்கிற ஆயா மாதிரி கத்தப் பழகினேன்.

பச்சை இறைச்சிக்குச் சிவப்புப் பலகை, மீனுக்கு நீலம், சாலட்டுக்குப் பச்சை என்பதெல்லாம் இரண்டு நாளில் வந்துவிட்டது. திகைக்க வைத்தது ஒவ்வாமைப் பட்டியல்தான். 14 பொருட்களில் எது எந்தப் பண்டத்தில் இருக்கிறது என்று வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும்; 2014 டிசம்பரிலிருந்து இது சட்டம். எங்கள் காட்டில் விளைகிற கடலையும் எள்ளும், தாளிக்கிற கடுகும் அதில் சேர்த்தி.

"கடுகு ஆகாதா? அப்ப என்னத்தைப் போட்டுத் தாளிக்கறாங்க?" என்றாள் அம்மா.

ஒரு நாள் பொலெண்டா கிண்டுகிற பையன் வரவில்லை. மக்காச்சோளக் குருணையைக் கொதிக்கிற தண்ணீரில் தூவி முக்கால் மணி நேரம் கிளற வேண்டும். நான் போய் மரக்கரண்டியை எடுத்துக்கொண்டேன். கட்டி தட்டக் கூடாது, அடிபிடிக்கக் கூடாது, அவ்வளவுதானே? ஊரில் களி கிண்டும்போது பானையை இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்துத் துடுப்பால் கிளறுவோம், இங்கே நின்றுகொண்டு. தோளில் விழுகிற வலி அதே வலி. "கட்டியே இல்லையே" என்று வந்த பெரிய ஷெஃப், கரண்டி நட்டுக்குத்தாக நிற்பதைப் பார்த்து முகம் சுளித்தார். அவருக்கு வழிய வேண்டுமாம். வெண்ணெயும் பாலும் சேர்த்து இளக்கினார். என் கண்ணுக்கு அது கூழ்.

அடுத்த வாரம் ஊழியர் சாப்பாட்டுக்கு என் முறை. தமிழ்க் கடையில் வாங்கிய கேழ்வரகு மாவில் களி கிண்டி, கையை நனைத்து நனைத்து உருண்டை பிடித்து, கோழிக் குழம்போடு வைத்தேன். போலந்துக்காரர் ஒருவர் இரண்டு உருண்டை சாப்பிட்டார். மற்றவர்கள் பல்லில் ஒட்டுகிறது என்று பாதியில் வைத்துவிட்டார்கள்.

ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஏன் பாப்பா, மென்னா தின்னாங்க?"