பர்க், கான்ட், தானே புயல்: நெட் தேர்வுக்கு அழகியல் படிச்ச அனுபவம்

பிலாசபில நெட் (காலேஜ் ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதப் போற தம்பி தங்கச்சிங்களுக்காக இத எழுதுறேன், முக்கியமா அழகியல் (அழகு, கலை பத்தின தத்துவம்) பகுதிய கடைசில பாத்துக்கலாம்னு தள்ளி வைக்கறவங்களுக்கு. முதல் தடவ நானும் அப்படித்தான் பண்ணேன். அதுல 'சப்ளைம்'னு ஒண்ணு வரும், மிரட்சியும் ஈர்ப்பும் கலந்து நம்மள சிலிர்க்க வைக்கற அனுபவம். அதப்பத்தி எட்மண்ட் பர்க், இம்மானுவேல் கான்ட்னு ரெண்டு தத்துவவாதிங்க எழுதின நூலுக்கு, பர்க் 1757, கான்ட் 1790னு வருஷத்த மட்டும் உரு போட்டுட்டு போனேன், கூற்று காரணம் மாதிரி கேள்வி வந்தப்ப ரெண்டு பேர் சொல்றதும் ஒண்ணுபோலவே தெரிஞ்சுது, மார்க் அங்கதான் போச்சு.

அப்புறம் இது எனக்கு புரிஞ்சது 'தானே' புயல வச்சு. எங்க வீடு கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம். 2011 டிசம்பர் 30 விடியக்கால, காத்து அடிச்ச அடில கூரை ஷீட் பிச்சுக்கிட்டு போச்சு, அம்மா என்னயும் தங்கச்சியயும் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாங்க, அன்னிக்கு இருந்தது வெறும் பயம், வேற ஒண்ணும் இல்ல. பல வருஷம் கழிச்சு ஒரு மழக்காலம், துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்தியிருந்தாங்க, நான் பாண்டி பீச் ரோட்ல பாறாங்கல்லுக்கு இந்தப் பக்கம் நின்னு அலை எழும்பி அடிக்கறத பாத்துக்கிட்டு இருந்தேன். உடம்பெல்லாம் சிலிர்க்குது, ஆனா அங்கேந்து நகர மனசே வரல.

பர்க் சப்ளைம்னு சொல்றது இதத்தான். ஆபத்து ரொம்ப கிட்ட வந்தா அது பயம் மட்டும்தான், கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தா அதுலயே ஒரு சுகம் வரும், அதுக்கு 'டிலைட்'னு தனிப்பேர் வைக்கிறாரு. 'ப்ளஷர்' வேற, அது அழகு தர்றது, சின்னதா வழவழப்பா மென்மையா இருக்கறத பாத்து வர்ற அன்பு. இந்த ரெண்டு சொல்லயும் மாத்திப் போட்டு கேட்டா ஏமாந்துடாதீங்க.

கான்டும் பாதுகாப்பான இடத்துல நின்னாதான் சப்ளைம்னு சொல்றாரு, குழப்பமே அதனாலதான். ஆனா பர்க் காரணத்த உடம்புலயும் நரம்புலயும் தேடுறாரு, கான்டுக்கு சப்ளைம் கடல்ல இல்ல, பாக்கறவன் மனசுல இருக்கு. அலை நெனச்சா என்ன அடிச்சுட்டு போயிடும், ஆனா எனக்குள்ள இருக்கற பகுத்தறிவ அதால ஒண்ணும் பண்ண முடியாது, அந்த உணர்வுதான் அவர் சப்ளைம பிரிக்கற ரெண்டு வகையில ஒண்ணான ஆற்றல் வகை. இன்னொண்ணான அளவு வகைக்கு நான் சிதம்பரம் கோபுரத்த வச்சுக்கிட்டேன். கிட்ட நின்னு நெலை நெலையா கண்ண மேல கொண்டு போனா, உச்சிக்கு போறதுக்குள்ள கீழ பாத்தது நழுவிடும், முழுசா பிடிக்க கற்பனையால முடியல, ஆனா முழுச நினைக்கச் சொல்லி பகுத்தறிவு கேக்குது. கான்ட் இதயே எகிப்து பிரமிட வச்சு சொல்லியிருக்காரு.

நம்ம தொல்காப்பியத்தயும் பக்கத்துல வச்சு படிங்க, எனக்கு ரொம்ப சந்தோஷம் தந்த இடம் அது. மெய்ப்பாட்டியல்ல எட்டு மெய்ப்பாடு (உடம்புல வெளிப்படற உணர்ச்சி) வருதுல்ல, அதுல அச்சம் வேற, மருட்கை (வியப்பு) வேற. அச்சத்துக்கு காரணமா வர்றது அணங்கு (வருத்துற தெய்வ சக்தி), விலங்கு, கள்வர், தம் இறை. மருட்கைக்கு 'புதுமை பெருமை சிறுமை ஆக்கம்'. இதுல சிறுமை ஏன் வருதுன்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன், பாத்தா பர்க்கும் மிகப் பெருசு மாதிரியே மிக மிகச் சிறுசும் ஓரளவுக்கு சப்ளைம்தான்னு எழுதியிருக்காரு! அதுக்காக மருட்கையும் சப்ளைமும் ஒண்ணுன்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க, பர்க்குக்கு பயம்தான் அடிப்படை, தொல்காப்பியர் ரெண்டயும் பிரிச்சே வைக்கிறாரு.

கைடு மட்டும் போதாது. ரெண்டாம் தாள்ல 100 கேள்வி, 200 மார்க், நெகட்டிவ் இல்ல, ஆனா ஆப்ஷன் எல்லாம் ஒரு சொல்லுலதான் மாறும், அதனால மூல நூல கொஞ்சமாவது தொட்டுடுங்க. நான் பாண்டி ரோமன் ரோலன் நூலகத்துல உக்காந்து, பர்க்ல ரெண்டாவது பாகத்தோட முதல் சில பிரிவும், கான்டோட மூணாவது கிரிட்டிக்ல (மேல சொன்ன 1790 நூல்) 23வது பிரிவுலேந்து 29 வரைக்கும் படிச்சேன். கான்ட்ல 28வது பிரிவுலேந்து ஆரம்பிங்க, இடி, எரிமலை, புயல், கொந்தளிக்கற கடல் எல்லாம் அங்கதான் வருது, அத முடிச்சிட்டு 26க்கு வந்தா பிரமிடு ஈஸியா புரியும்.