மூலைமட்டமும் தூக்குக்குண்டும்: லண்டன் நாட்குறிப்பு

செப்டம்பர் 25, வியாழன்

வேலை முடிந்து ஹோல்பர்ன் ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது, கிரேட் குயின் தெருவில் அந்தக் கட்டடத்தின் முன்னால் இன்றும் நின்றுவிட்டேன். ஃப்ரீமேசன்ஸ் ஹால். தெருமுனையையே அடைத்துக்கொண்டு, மேலே கோபுரத்தோடு நிற்கும் வெள்ளைக் கல் கட்டடம். இங்கிலாந்தின் ஃப்ரீமேசன்களுக்கு இதுதான் தலைமையகம். மூன்று மாதமாக இதைத் தாண்டித்தான் போகிறேன். உள்ளே அருங்காட்சியகம் இருப்பதும் அதற்குக் கட்டணம் கிடையாது என்பதும் இன்றுதான் தெரிந்தது.

நான் நின்றது கட்டடத்தின் அழகுக்காக மட்டும் இல்லை. அவர்களுடைய சின்னம், மூலை சரியான செங்கோணமா என்று பார்க்கும் ஒரு மூலைமட்டமும் கவராயமும். அப்பா சிமெண்ட் சாக்கில் தைத்து வைத்திருக்கும் பையில் கிடக்கிற அதே மூலைமட்டம். நாற்பது வருடம் மதுரையைச் சுற்றிக் கொத்தனார் வேலை பார்த்தவர் அப்பா. சனிக்கிழமை போய்விட வேண்டும்.

செப்டம்பர் 27, சனி

போனேன். மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை.

ஃப்ரீமேசன் என்றால் ரகசியச் சங்கம் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பழைய கல்தச்சர்களின் கருவிகளையும் கதைகளையும் எடுத்து, மனிதன் எப்படி வாழ வேண்டும் என்பதற்கு அடையாளங்களாக வைத்துக்கொண்டவர்கள் இவர்கள். ஒவ்வொரு கிளைக்கும் லாட்ஜ் என்று பெயர். நம் ஊரில் தங்கும் விடுதிக்குச் சொல்கிற அதே சொல்தான். 1717 ஜூன் 24 அன்று, செயின்ட் பால் தேவாலயத்தின் பக்கத்தில் இருந்த ஒரு மதுக்கடையில் நான்கு லாட்ஜுகள் கூடி, லாட்ஜுகளுக்குத் தலைமையாக முதல் கிராண்ட் லாட்ஜைத் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். பின்னால் போட்டியாக இன்னொன்று கிளம்பி, 1813இல் இரண்டும் ஒன்றாகியிருக்கின்றன.

என்னைப் பிடித்து நிறுத்தியது பதக்கங்கள் இருந்த கண்ணாடிப் பெட்டி. லாட்ஜின் தலைவர் கழுத்தில் அணிவது மூலைமட்டம். அவருக்கு அடுத்தவருக்கு மட்டம், அதற்கும் அடுத்தவருக்கு, சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று நூலில் தொங்கவிட்டுப் பார்க்கும் தூக்குக்குண்டு. மூலைமட்டம் என்றால் ஒழுங்கான நடத்தை, மட்டம் என்றால் எல்லோரும் சமம், தூக்குக்குண்டு என்றால் நேர்மை. ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். அப்பா கையில் தேய்ந்த கருவிகளை இப்படிப் பளபளவென்று நாடாவில் கோத்துப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது.

அந்த மட்டத்தைத்தான் முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் தேடியது, கண்ணாடிக் குழாயில் குமிழ் ஓடுகிற ரசமட்டத்தை. இதுவோ ஆங்கில ஏ எழுத்து போல இரண்டு கால் விரித்து நின்றது. உச்சியிலிருந்து சின்னதாக ஒரு குண்டு தொங்கியது. படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டுவிட்டார். “ரசமட்டம் வர்றதுக்கு முந்தினதும்மா இது. குண்டு நூல் நடு அடையாளத்துல நின்னா ரெண்டு காலும் ஒரே மட்டத்துல இருக்குன்னு அர்த்தம். ஒரு பக்கம் தாழ்ந்தா நூல் அந்தப் பக்கம் நகந்துரும். அவ்வளவுதான்.” பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த விளக்க அட்டையில்கூட இது இல்லை.

லாட்ஜில் இரண்டு கற்கள் வைப்பார்களாம். ஒன்று கரடுமுரடான கல், இன்னொன்று கொத்திச் சீராக்கிய கல். புதிதாகச் சேர்கிறவர் முதல் கல், தன்னைத் தானே செதுக்கி இரண்டாவதாக வேண்டும். சேர்ந்ததும் பயிலுநர், அப்புறம் தொழிலாளி, அப்புறம்தான் மாஸ்டர் மேசன் என்று மூன்று படிகள். அப்பாவும் பதினான்கு வயதில் சித்தாளாகப் போய்த்தான் கொத்தனார் ஆனார். ஆனால் அவருக்கு அது உவமை இல்லை, சோறு.

நெப்போலியன் காலப் போரில் இங்கே சிறைபட்டிருந்த பிரெஞ்சுக்காரர்கள் எலும்பில் செதுக்கிய பதக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாப்பிட்டு மிஞ்சிய எலும்பில், நகக்கண் அளவு தூண்களும் படிகளும் கவராயமும். கைதியாகக் கிடந்தபோது அவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்ததோ! 1791இல் வேல்ஸ் இளவரசருக்காகச் செய்த பிரம்மாண்டமான தங்க முலாம் நாற்காலியைச் சுற்றித்தான் கூட்டம். எனக்கு அந்த எலும்புப் பதக்கங்களே போதும்.

கிளம்பும் முன் நூலகப் பக்கம் எட்டிப் பார்த்து, தமிழ்நாட்டோடு ஏதாவது தொடர்பு உண்டா என்று கேட்டேன். உண்டு! ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் மூத்த மகன் உம்தத் உல் உம்ரா, 1770களில் திருச்சியில் இருந்த ஒரு லாட்ஜில் சேர்ந்திருக்கிறார். செய்தி லண்டனுக்கு எட்டியதும் கிராண்ட் லாட்ஜ் அவருக்கு அலங்காரமான ஏப்ரனும் விதிமுறைப் புத்தகமும் அனுப்பியது. அவர் பாரசீகத்தில் நன்றிக் கடிதம் எழுதி, ஜரிகைத் துணி உறையில் வைத்து அனுப்பினார். ஏப்ரன் என்பது கல்தச்சர் வேலை செய்யும்போது இடுப்பில் கட்டுகிற தோல் துண்டு. அதை ஒரு நவாப் மகன் பரிசாக வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பதை நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்று விடுப்பு. கட்டடத்தைச் சுற்றிக் காட்டும் குழுவோடு உள்ளே போனேன்.

1775இலிருந்து இதே இடத்தில் இவர்களுக்குக் கட்டடம் உண்டு. இப்போது இருப்பது மூன்றாவது. முதல் உலகப் போரில் இறந்த 3,225 ஃப்ரீமேசன்களின் நினைவாக 1927இல் தொடங்கி 1933இல் முடித்தார்கள். பத்து லட்சம் பவுண்டு திரட்ட இலக்கு வைத்து, பணம் தந்தவர்களுக்கு ஒரு பதக்கம் கொடுத்திருக்கிறார்கள். கட்டடக் கலைஞர்கள் ஆஷ்லியும் நியூமனும்.

மேல்தளத்தில் வண்ணக் கண்ணாடிச் சன்னல். அதன் கீழே வெண்கலப் பேழை. நாணல்களுக்கு நடுவே வந்து நிற்கும் படகின் வடிவம். பயணம் முடிந்துவிட்டது என்று பொருள். அதற்குள் தோல்சுருளில் அந்த 3,225 பெயர்கள். குழுவில் யாரும் பேசவில்லை.

அப்புறம் பெரிய மண்டபத்தின் வெண்கலக் கதவுகள். ஒவ்வொன்றும் ஒன்றேகால் டன். பைபிளில் வரும் சாலமோன் அரசனின் ஆலயம் கட்டப்படுவதை அவற்றில் புடைப்புச் சிற்பமாக வடித்திருக்கிறார்கள். கல்லைத் தூக்குகிறவர்கள், செதுக்குகிறவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். உள்ளே சுமார் 1,700 பேர் உட்காரலாம். கூரை விளிம்பின் நான்கு மூலைகளிலும் மொசைக்கில் விவேகம், அடக்கம், மனவலிமை, நீதி. கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்தேன்.

இறந்தவர்களின் பெயரை இவ்வளவு அக்கறையாகக் காப்பாற்றுகிறவர்கள், இந்தச் சுவரை எழுப்பிய கொத்தனார்களின் பெயரையும் எங்காவது எழுதியிருப்பார்கள் என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை. ராத்திரி அப்பாவிடம் ஆற்றாமையோடு சொன்னேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. “கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இடுக்கு எவ்வளவும்மா? விரல் நுழையுமா?” என்றார். நகம்கூட நுழையாது என்றேன். “அப்படின்னா நல்ல கை” என்றார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மதியம் அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா படம் அனுப்பினார். அங்கே மாலை ஆகிவிட்டது. சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில் கொத்துக்கரண்டி, பூச்சைத் தேய்க்கும் மணியாஸ் கட்டை, ரசமட்டம், மூலைமட்டம், நூல் சுற்றிய தூக்குக்குண்டு. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். முழங்கால் வலியால் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவியிருக்கிறார்.

கீழே குரல் பதிவு: “அந்தக் குண்டு தொங்குற மட்டத்துக்குக் காலு எவ்வளவு நீளம், எவ்வளவு அகட்டி வச்சிருக்கான்னு பாத்துச் சொல்லும்மா. வேப்பங்கட்டை ஒண்ணு கிடக்கு, செஞ்சு பாக்கலாம்னு இருக்கேன்.”

சனிக்கிழமை மறுபடி போகிறேன், ஸ்கேலோடு.