6001 தேடி அலைந்த கதை

பேரிங் மாற்றுவது பெரிய வேலை இல்லை. சரியான பேரிங்கை யாழ்ப்பாணத்தில் தேடி எடுப்பதுதான் வேலை. இங்கே வீட்டில் ட்ரெயினர் (சைக்கிளைப் பூட்டி ஒரே இடத்தில் நின்று மிதிக்கிற சாதனம்) வைத்து சைக்கிள் ஓடுகிறவர்கள் குறைவு. இருக்கிறவர்களாவது என்னைப் போல அலையாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என்னுடையது பின்சில்லை உருளையில் அழுத்தி ஓடுகிற பழைய வகை. உருளையின் ஒரு பக்கம் காந்தம், மற்றப் பக்கம் சுழற்சியைச் சீராக வைக்கிற பாரச்சில்லு (ஃபிளைவீல்). ஐப்பசி, கார்த்திகை மழைக்கு றோட்டில் ஓட ஏலாது என்று வாங்கியது. இந்த முறை மழை தொடங்க முதலே அது இரையத் தொடங்கிவிட்டது. வேகம் கூடக் கூட இரைச்சலும் கூடியது. பார்த்தவர்கள் எல்லோரும் ரயர்ச் சத்தம் என்றார்கள். சைக்கிளைக் கழற்றிவிட்டு உருளையை மட்டும் கையால் சுழற்றிப் பாருங்கள். அப்போதும் சத்தம் கேட்டால் ரயரில் குற்றம் இல்லை. நீளமான ஸ்குரூ ட்ரைவரின் முனையைப் பேரிங் இருக்கும் கூட்டில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்தினால் எந்தப் பக்கம் என்பதும் தெரியும். எனக்குப் பாரச்சில்லுப் பக்கம் மணல் அரைபடுவது போல் கேட்டது.

வாங்கிய கொழும்புக் கடைக்கு ஃபோன் எடுத்தேன். உதிரிப்பாகம் கிடையாது, உருளைத் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும், அதையும் வெளிநாட்டில் இருந்துதான் எடுக்க வேண்டும் என்றார்கள். பேரிங் நம்பரையாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். "சேர், அதுக்குள்ள பேரிங் இருக்கெண்டு நீங்க சொல்லித்தான் தெரியும்" என்றார் அந்தப் பிள்ளை. கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

கழற்றிப் பார்த்தால் நம்பரைத் துரு தின்றிருந்தது. அதற்குப் பயப்பட வேண்டாம். வேர்னியர் அளவுகோலால் மூன்று அளவு எடுத்தால் போதும்: உள்விட்டம் 12, வெளிவிட்டம் 28, தடிப்பு 8 மில்லிமீற்றர். அது 6001. உலகத்தில் எந்தக் கம்பனி செய்தாலும் இந்த நம்பருக்கு இந்த அளவுதான்.

அந்த நம்பரைத் துண்டில் எழுதிக்கொண்டு யாழ் நகரத்துக்குப் போய், மோட்டார் சைக்கிள் சாமான் கடைகளில் ஏறி இறங்கினேன்.

"எந்த பைக்குக்கு தம்பி?"

"பைக்குக்கு இல்லை அண்ணை. நம்பர் 6001."

"நம்பர் சரி. எந்த பைக்குக்கு?"

நம்பர் சொன்னால் எடுத்துத் தருவார்கள் என்று போகாதீர்கள். அங்கே எல்லாம் பைக்கின் பெயரால்தான் அடுக்கி இருக்கிறது. ஒருவர் 6201ஐ எடுத்து நீட்டி, "உள் ஓட்டை 12தானே, அதே சாமான்தான்" என்றார். ஓட்டை அதேதான். வெளிவிட்டம் 32, தடிப்பு 10; என் கூட்டுக்குள் அது எந்தக் காலத்திலும் இறங்காது. இன்னொரு கடையில் 6001 இருந்தது, ஆனால் இரண்டு பக்கமும் தகர மூடி போட்ட இசட்இசட். நான் கேட்டது ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ். "ரப்பர் கெதியாப் போயிடும், இரும்புதான் நிக்கும்" என்று எனக்கு வகுப்பே எடுத்தார். தகர மூடி உள்வளையத்தைத் தொடாது, மயிரிழை இடைவெளி இருக்கும். றோட்டில் ஓடும்போது காற்று வியர்வையை உலர்த்திவிடும். அறைக்குள் ஒரே இடத்தில் நின்று மிதிக்கும்போது, அதுவும் நம்முடைய புழுக்கத்தில், உப்புத் தண்ணீர் அப்படியே கீழேதான் சொட்டுகிறது. பழைய பேரிங் செத்ததே அதனால்தான்.

பிறகு ஒரு கடையில் ஜப்பான் பெட்டியோடு 2ஆர்எஸ் கிடைத்தது. பெட்டி அழகு. வெளியே எடுத்து உள்வளையத்தை விரலில் கோத்துச் சுழற்றினால், புதுப் பேரிங் இடையிடையே தடக்கியது. வளையத்தில் நம்பரும் இல்லை, பெயரும் இல்லை. பெட்டியைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். சுழற்றிப் பார்க்க விடாத கடையில் வாங்கவே வேண்டாம்.

கடைசியில் கிடைத்தது சுன்னாகத்தில், தண்ணீர்ப் பம்பும் கிறைண்டரும் திருத்துகிற ஒரு சின்னக் கடையில். கிறைண்டர், ட்றில் மெசினுக்குள் இந்த அளவுப் பேரிங் வருமாம். ஐயா துண்டை வாங்கிப் பார்த்தார், லாச்சியைத் திறந்தார், "ஒண்டோ ரெண்டோ?" என்று மட்டும் கேட்டார். இரண்டு வாங்கினேன். ஒரு பக்கம் போனால் மற்றப் பக்கம் நெடுநாள் தாங்காது.

பழையதைப் புல்லர் போட்டு இழுக்க லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பாரச்சில்லு நட்டைக் கழற்ற அந்தத் தம்பி காற்றுத் துப்பாக்கியை வைத்தான். நல்லகாலம், பக்கத்தில் நின்றேன். என்னுடையதில் அந்த நட்டு இடப்புரி. வழக்கமான பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும், மேலும் அழுத்தினால் புரியே போய்விடும். உங்களுடையது எந்தப் புரி என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பூட்டுவதை வீட்டிலேயே செய்தேன். உருளைத் தண்டைப் பொலித்தீனில் சுற்றி இரவு பிறீசருக்குள் வைத்தேன் (மீனுக்குப் பக்கத்தில் என்ன இரும்பு என்று அம்மா கேட்டார்). அடுத்த நாள் மத்தியானம் பேரிங்கை முற்றத்து வெயிலில் தகரத்தின் மேல் காயவைத்தேன். தண்டு சுருங்கும், வளையம் விரியும். மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவுதான், அதுவே போதும். தண்டில் அரும்பும் ஈரத்தைத் துடைத்துவிட்டு, உள்வளையத்தில் மட்டும் படுகிற அளவான சொக்கெட் ஒன்றை வைத்து மெல்லத் தட்டினால் இறங்கிவிடும். வெளிவளையத்தில் தட்டவே கூடாது. அந்த அடி குண்டுகள் வழியாகத்தான் போகும். குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழுந்து, புதுப் பேரிங் முதல் நாளே இரையும்.

இப்போது கேட்பது ரயர்ச் சத்தம் மட்டும்தான். முதல் ஓட்டம் முடிந்ததும் பாரச்சில்லு நட்டைத் தொட்டுப் பாருங்கள், எனக்குக் கால் சுற்று இறுக்க வேண்டியிருந்தது. உருளைக்கு மேலே, சைக்கிள் சட்டத்தில் ஒரு பழைய துவாயையும் கட்டிவிடுங்கள்.