உடையாத ஸ்பிரிங்

ஜனவரி மாதக் காலை, மணி ஆறேகால். வெளியே மைனஸ் 19 டிகிரி. இட்லித் தட்டை எடுத்து வெளியே வைக்கிறேன், 'டமால்' என்று ஒரு சத்தம். தரை அதிர்ந்தது. ஹாலில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "கண்ணு, கேஸை நிறுத்து! சிலிண்டரு!" என்று ஓடி வந்தார். மிச்சிகனில் எங்கள் வீட்டுக்கு கேஸ் குழாயில்தான் வருகிறது. ஆனாலும் கை தன்னால் அடுப்பை அணைத்துவிட்டது.

சத்தம் கராஜிலிருந்து. கதவைத் திறந்து பார்த்தால் எதுவும் விழவில்லை, எதுவும் உடையவில்லை. கார் பாட்டுக்கு நின்றது. பிள்ளைகளுக்கு நேரமாகிறதே என்று சுவரில் இருந்த பட்டனை அழுத்தினேன். மோட்டார் முனகியது. கதவு ஒரு ஜாண் எழும்பி நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினேன். அந்த இரண்டாவது அழுத்தல் நான் செய்த முதல் தப்பு. அதற்குப் பிறகு வருகிறேன்.

அப்பாதான் செல்போன் வெளிச்சத்தை மேலே அடித்துப் பார்த்தார். கதவுக்கு மேலே, சுவரை ஒட்டிக் குறுக்காக ஒரு இரும்புக் குழாய் ஓடுகிறது. அதன் மேல் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங். இடப்பக்கத்து ஸ்பிரிங்கின் நடுவில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. "இதா, முறிஞ்சு கெடக்குது பாரு."

ஒன்பது வருஷமாக அந்தக் கதவுக்குக் கீழே போய் வருகிறேன். கதவைத் தூக்குவது மோட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். அரைக் குதிரைசக்தி மோட்டாருக்கு அந்த வேலை முடியாது, அதற்கு அது தேவையும் இல்லை. எங்களுடையது 16 அடி அகலம், 7 அடி உயரம், உள்ளே தெர்மோகோல் வைத்த இரும்புத் தகடு. எடை 180 பவுண்டு சுமார், அதாவது 80 கிலோவுக்கு மேல். அந்த எடை முழுவதையும் தாங்குவது ஸ்பிரிங்தான். கதவு இறங்கும்போது இரண்டு ஓரத்துக் கேபிளும் குழாயைச் சுழற்றி ஸ்பிரிங்கை முறுக்கும். ஏறும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து கதவைத் தூக்கும். மோட்டார் சும்மா கூடவே நடந்து வருகிற ஆள். ஆக, கதவு மூடி அமைதியாக இருக்கும் நேரத்தில்தான் ஸ்பிரிங்கில் முறுக்கு உச்சத்தில் இருக்கிறது. கொட்டுகிற பனியில் அதிகாலையில் முறிவதில் ஆச்சரியம் இல்லை.

சாதாரண ஸ்பிரிங்குக்கு ஆயுள் 10,000 தடவை என்று கணக்கு. திறந்து மூடினால் ஒன்று. ஒரு நாளைக்கு நான்கு தடவை என்றால் ஏழு வருஷம்கூட வராது. இந்த ஊரில் யார் வாசல் கதவு வழியாக வீட்டுக்குள் போகிறார்கள்? எல்லாம் கராஜ் வழிதான். ஒன்பது வருஷம் உழைத்ததே புண்ணியம்.

அப்பா கோயமுத்தூர் கணபதியில் நாற்பது வருஷம் லேத்துப் பட்டறை வைத்திருந்தவர். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து எங்களைப் படிக்க வைத்தவர். இங்கே வந்து ஆறு வாரமாக செய்ய வேலை எதுவும் இல்லாமல் டிஷ்வாஷரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "வெறும் ஸ்பிரிங்கு தானுங் கண்ணு. மாப்பிள்ளையோட டூல்ஸ் டப்பாவக் கொண்டா." என் கணவர் அந்த வாரம் வெளியூரில். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு டப்பாவைக் கொண்டுவந்தேன்.

அளவெடுத்த விதம் அழகு. ஸ்டூலில் ஏறி, முறிந்த ஸ்பிரிங்கில் இருபது சுற்றை எண்ணி, ஸ்டீல் ஸ்கேலை வைத்தார். சரியாக 5 அங்குலம். "ஐந்தை இருபதால வகுத்துக்க. கால் இஞ்சுக் கம்பி." உள்விட்டம் 2 அங்குலம். இரண்டு துண்டின் நீளத்தையும் கூட்டி உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். இதே அளவுகளைத்தான் இணையத்தில் ஸ்பிரிங் விற்கிற கடைகளும் கேட்கின்றன. விலை நூற்றுச் சொச்சம் டாலர். நான் கிட்டத்தட்ட ஆர்டர் போட்டுவிட்டேன்.

பிறகு ஸ்டூலை வலப்பக்கம், முறியாத ஸ்பிரிங்குக்கு நகர்த்தினார். அதன் முனையில் ஒரு வார்ப்பு உருளை, அதில் கறுப்புப் பெயிண்ட், நான்கு துளை, குழாயோடு கவ்விப் பிடிக்க இரண்டு ஸ்க்ரூ. ஸ்பானரை ஸ்க்ரூவில் வைத்தார். வைத்தபடியே நின்றார். மெதுவாக ஸ்பானரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

"வேண்டாங் கண்ணு. ஆளக் கூப்புடு."

என்னப்பா ஆச்சு என்றேன். "உடைஞ்சது செத்த பாம்பு. அது கெடக்குது. இது உசுரோட சுருண்டு கெடக்குது. இந்த ரெண்டு ஸ்க்ரூவத்தான் பல்லாக் கடிச்சு நிக்குது. லூஸ் பண்ணினா என்ற கையில ஸ்பானர் இருக்கும், கை இருக்காது."

எங்கள் பட்டறைக்கு எதிரே ஒரு கடையில் ஷட்டர் ஸ்பிரிங்குக்கு முறுக்கு ஏற்றும்போது, துளையில் விட்டுத் திருப்பச் சரியான கம்பி இல்லை என்று கைக்குக் கிடைத்ததைச் செருகிய பையனை நினைவுபடுத்தினார். கம்பி நழுவிச் சுழன்று தாடையில் அடித்தது. மூன்று பல். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு, ரத்தத்தைத் துடைத்த சாக்குப்பை ஞாபகம் இருக்கிறது. இந்த உருளையின் துளை அரை அங்குலம். எங்கள் டப்பாவில் இருந்ததெல்லாம் ஸ்க்ரூட்ரைவர். துளைக்குள் லொடலொடவென்று ஆடும்.

சரி, ரெண்டு பேருமாகக் கதவைத் தூக்கிக் காரையாவது எடுக்கலாமா என்றேன். "தூக்கிப்போட்டு, யாரு புடிச்சுட்டு நிப்பாங்க?" அதோடு விட்டேன்.

முதலில் கூப்பிட்ட கம்பெனி, ஆளை அனுப்பாமலே போனில் 'வாழ்நாள் ஸ்பிரிங்', எல்லாச் சக்கரமும் மாற்றணும், கேபிளும் மாற்றணும் என்று 900 டாலருக்கு மேல் கொண்டுபோனது. ஸ்பிரிங் முறிந்தவளின் அவசரத்தை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். அடுத்து ஒரு சின்னக் கடை. இரண்டு ஸ்பிரிங்கும் கூலியும் சேர்த்து 385. ஒன்றுதானே முறிந்தது, எதற்கு இரண்டு என்று நான் இழுத்தேன். அப்பா தடுத்தார்: "ரெண்டும் ஒரே நாள்ல மாட்டினது. ஒரே எண்ணிக்கை ஓடியிருக்குது. அதுக்கும் நாள் வந்துருச்சு."

மத்தியானம் இரண்டரைக்கு ஒருவர் வந்தார். முதல் வேலையாக மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினார். பாதி வேலையில் யாராவது பட்டனைத் தட்டிவிடக் கூடாதே. பிறகு கதவு ஓடுகிற தண்டவாளத்தில், சக்கரத்துக்குச் சற்று மேலே ஒரு கவ்வியை இறுக்கினார். முறுக்கு ஏறும்போது கதவு தானாக எகிறாமல் இருக்க. அப்புறம் பையிலிருந்து ஒன்றரை அடி நீளத்தில் இரண்டு உருண்டைக் கம்பிகள் வெளியே வந்தன. அப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஏணியை ஸ்பிரிங்குக்கு நேராக வைக்காமல் ஓரமாக வைத்து நின்றார். முகம் கம்பி சுழலும் பாதையில் வரவே இல்லை. ஒரு கம்பியைத் துளையில் அடி வரை செருகி, எடையை வாங்கிக்கொண்டு, ஸ்க்ரூவைத் தளர்த்தினார். கம்பி அவர் கையில் ஒரு துள்ளுத் துள்ளியது. கால் சுற்று இறக்கி, இரண்டாவது கம்பியை அடுத்த துளையில் செருகி, எடை அதற்கு மாறிய பிறகே முதல் கம்பியை உருவினார். மறுபடி கால் சுற்று. அப்பா உதட்டுக்குள் எண்ணினார். முப்பது. ஏழரைச் சுற்று முறுக்கு அந்த இரண்டு ஸ்க்ரூவுக்குப் பின்னால் காத்திருந்திருக்கிறது.

புது ஸ்பிரிங்குகளை மாட்டியதும், நீளவாக்கில் சாக்பீஸால் ஒரு நேர்க்கோடு போட்டார். முறுக்க முறுக்க அந்தக் கோடு மிட்டாய்க் குச்சியின் வரி மாதிரி சுற்றிக்கொண்டு போனது. எத்தனை வரியோ அத்தனை சுற்று. அப்பாவுக்கு அந்த உத்தி அவ்வளவு பிடித்துப்போய் மனிதரின் தோளில் தட்டிவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இங்கிலீஷ் நாலு வார்த்தை. ஒரு மணி நேரம் பேசினார்கள்.

கடைசியில் மோட்டாரிலிருந்து கதவைக் கழற்றி, கையால் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி விட்டார். அந்தரத்தில் நின்றது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பள்ளி விட்டு வந்த சின்னவள் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். 80 கிலோ! இந்தச் சோதனையை மட்டும் இப்போது நானே சில மாதத்துக்கு ஒருமுறை செய்கிறேன், கதவை முழுக்க மூடிவைத்து, மோட்டாரிலிருந்து கதவைப் பிரிக்கிற சிவப்புக் கயிற்றை இழுத்து. கதவு மேலே இருக்கும்போது அந்தக் கயிற்றை இழுக்கவே கூடாது என்று அவர் இரண்டு தடவை சொன்னார். ஸ்பிரிங் முறிந்திருந்தால் கதவு அப்படியே தலையில் இறங்கும். கீழே ஓரத்தில் மின்னுகிற கண், அதாவது குறுக்கே ஆள் வந்தால் உணர்கிற சென்சார், காப்பாற்றும் என்று நினைத்திருந்தேன். 1993 முதல் அமெரிக்காவில் செய்கிற வீட்டு மோட்டார்களுக்கு அது போன்ற பாதுகாப்பு கட்டாயம்தான். ஆனால் அது மோட்டாரைத் திருப்பும், அவ்வளவே. விழுகிற கதவுக்கு அது என்ன செய்யும்?

ஸ்பிரிங்குக்கு லித்தியம் கிரீஸ் ஸ்பிரே அடிப்பது, கேபிளில் நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பது, இவ்வளவுதான் இனி என் எல்லை. கதவின் அடிமூலையில் கேபிள் மாட்டியிருக்கும் பட்டையையும் தொடக்கூடாது, அதிலும் அதே முறுக்குதான். பழைய வீடுகளில் தண்டவாளத்தை ஒட்டி நீளமாக இழுபடுகிற ஸ்பிரிங் இருக்கும். அதற்குள்ளே ஒரு காப்புக் கம்பி ஓடுகிறதா என்று பாருங்கள். தோழி வீட்டில் ஓடவில்லை, மாட்டச் சொன்னேன்.

என் இரண்டாவது அழுத்தலுக்கு வருகிறேன். கார் பானெட்டின் மேல் வெள்ளையாகத் தூள் உதிர்ந்திருந்தது. மோட்டாருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்த தூள். இன்னும் ஓடுகிறது, கொஞ்சம் கரகரத்துக்கொண்டு.

முறிந்த ஸ்பிரிங்கை அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. முறிந்த வாயை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். பெரும்பகுதி புதுச் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக மின்னியது. ஓரத்தில் மட்டும் மிளகளவு ஒரு கறுத்த புள்ளி. "இங்கதான் தொடங்கியிருக்குது. ரொம்ப நாளா." ஊருக்குத் திரும்பும்போது அந்தத் துண்டு அவர் பெட்டியில் ஏறியது. தராசு 23 கிலோவைத் தாண்டியதும் அக்காவுக்காக வாங்கிய பாதாம் பொட்டலங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார்.